உறைந்த பூண்டு: தைவான் தேர்தல் நாட்குறிப்பு

ஜனவரி 8, 2024, திங்கள். தைபே

கிளம்பும்போது அம்மா கேட்டது ஒன்றுதான். "சண்டை வரும்னு டிவில சொல்றானே, அந்த ஊருக்கா போறே?"

தாவ்யுவானில் இறங்கித் தைபேக்குள் வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. சண்டையின் சாயலே இல்லை. தூறல், குடை, ஸ்கூட்டர். பேருந்துகளின் முதுகில் வேட்பாளர்கள் கட்டை விரலைத் தூக்கிச் சிரிக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை, 13ஆம் தேதி, இங்கே அதிபர் தேர்தல். சாய் இங்-வென் எட்டு வருடம் முடிக்கப் போகிறார். மூன்றாம் முறைக்குச் சட்டத்தில் இடமில்லை. களத்தில் மூன்று பேர். ஒன்றாம் எண் கோ வென்-ஜே, அறுவை சிகிச்சை மருத்துவர், தைபேயின் முன்னாள் மேயர், தைவான் மக்கள் கட்சி. இரண்டாம் எண் லாய் சிங்-தே, இவரும் மருத்துவர்தான், இப்போதைய துணை அதிபர், ஜனநாயக முற்போக்குக் கட்சி. மூன்றாம் எண் ஹோ யூ-இ, பழைய போலீஸ் அதிகாரி, நியூ தைபே மேயர், கோமின்டாங் கட்சி. தைவான் தன்னுடையது என்கிற சீனாவிடமிருந்து விலகி நிற்கும் லாய் கட்சிக்குப் பச்சை, சீனாவோடு பேச்சும் வியாபாரமும் வேண்டும் என்கிற கோமின்டாங்குக்கு நீலம். தெருவில் கட்சிப் பெயரைவிட நிறத்தைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

நான்காவதாக ஒருவர் வந்திருக்க வேண்டியது. நம் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் இருக்கிறதே, அதன் நிறுவனர் டெர்ரி கோ. சுயேச்சையாக நிற்கக் கையெழுத்தெல்லாம் திரட்டிவிட்டு, நவம்பர் 24ஆம் தேதி விலகிக்கொண்டார்.

எனக்குத் துணை ஒரு தஞ்சாவூர்த் தம்பி. ஷின்சூவில் முனைவர் பட்ட ஆராய்ச்சி, நான்கு வருடமாக இங்கே, சீன மொழி தண்ணீர் பட்ட பாடு. விடுதிக்குப் பக்கத்தில் இருக்கும் காலைச் சிற்றுண்டிக் கடைக்கு அவர்தான் கூட்டிப்போனார். கடைக்கார அம்மாவை "ஆயி" என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தேன். சீனத்தில் அத்தை, சித்தி வயதுப் பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம். எங்கள் பக்கம் பாட்டியை ஆயி என்போம். மூன்று வார்த்தை சீனம் தெரிந்த தெம்பு வந்துவிட்டது.

ஆயி ஊற்றிக் கொடுத்தது தான்பிங். மெல்லிய மாவு, மேலே முட்டை, சுருட்டி வெட்டித் தருகிறார். முட்டை தோசைக்குத் தூரத்துச் சொந்தம். சீனாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தம்பியை விட்டுக் கேட்கச் சொன்னேன். ஆயி பதிலுக்கு முட்டையைப் பற்றிப் பேசினார். போன வருடம் இங்கே கடுமையான முட்டைத் தட்டுப்பாடு. அரசாங்கம் பிரேசில் வரைக்கும் போய் முட்டை வாங்கியது. அதில் காலாவதித் தேதிக் குழப்பம். செப்டம்பரில் விவசாய அமைச்சர் பதவி விலகினார். "எட்டு வருஷம் ஒரே கட்சி இருந்தா இப்படித்தான்," என்றார் ஆயி. சீனா? "அது எங்கேயும் போகாது, அங்கேயேதான் இருக்கும்."

ஜனவரி 9, செவ்வாய். தைபே

சியாங் கை-ஷேக் நினைவு மண்டபம். கோமின்டாங் தலைவராக 1949இல் மாவோவிடம் தோற்று, படையோடும் பொன்னோடும் இந்தத் தீவுக்கு வந்து, கடைசி வரைக்கும் முழுச் சீனாவுக்கும் தானே அதிபர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். 38 வருட ராணுவச் சட்டம் 1987இல் போய், 1996இல்தான் மக்கள் முதன்முறையாக நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்தலுக்கு முன்பு சீனா கடலில் ஏவுகணை விட்டுப் பார்த்தது. அதில் மிரளாமல், சீனாவுக்குப் பிடிக்காத லீ தெங்-ஹுயிக்கே 54 சதவீதம் போட்டார்கள்.

மூன்று மணிக்குக் காவலர் மாறும் சடங்கு. வெண்கல சியாங் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பளபளக்கும் தலைக்கவசத்தோடு வீரர்கள் துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். சரியாக 3.04. கூட்டத்தில் இருந்த அத்தனை கைபேசியும் ஒரே நேரத்தில் அலறின. என்னுடையதும்தான். எடுத்துப் பார்த்தால், வான்வழித் தாக்குதல் எச்சரிக்கை; தைவான் வான்வெளியில் ஏவுகணை கடக்கிறது, கவனம் என்று ஆங்கிலத்தில்.

அம்மாவின் முகம் கண்முன் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் தேடியது தூணைத்தான்.

சுற்றிலும் யாரும் ஓடவில்லை. தம்பி திரையை ஒருமுறை படித்துவிட்டு, "அண்ணா, மேல சீனத்துல செயற்கைக்கோள்னு போட்டிருக்கு. கீழ ஆங்கிலத்துல மட்டும் ஏவுகணை," என்றார். பக்கத்தில் ஒரு தாத்தா திரையைத் தேய்த்து அணைத்துவிட்டுச் சடங்கைப் பார்க்கத் திரும்பினார். காவலர்கள் இமைக்கக்கூட இல்லை.

சாயங்காலம் முழுக் கதையும் தெரிந்தது. சீனா ஒரு விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோளை ஏவியிருக்கிறது. ராக்கெட் தைவானின் தெற்குப் பக்கம் மிக உயரத்தில் போயிருக்கிறது. அலறல் வந்தபோது வெளியுறவு அமைச்சர் ஜோசப் வூ வெளிநாட்டு நிருபர்களோடு பேசிக்கொண்டிருந்தாராம். ஆங்கில வாசகத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகம் மன்னிப்புக் கேட்டுவிட்டது. ஆனால் இரவு டிவி விவாதத்தில் சீனாவைத் திட்டியவர்களைவிட, தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு பயம் காட்டி ஓட்டு வாங்கப் பார்க்கிறது அரசு என்று திட்டியவர்கள்தான் அதிகம் என்றார் தம்பி. இந்த விவாதத்தில் மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. நாலு கட்டம், நாலு பேர், எல்லோரும் ஒரே நேரத்தில். பார்த்துப் பழகியதுதானே.

ஜனவரி 10, புதன். கின்மென்

தைபே சோங்ஷான் விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கின்மென் தைவானோடு இல்லை, சீனாவின் மடியில் கிடக்கிறது. அரசு ஏட்டில்கூட இது தைவான் மாகாணம் இல்லை, ஃபூஜியன் மாகாணம். எதிரே தெரிகிற ஷியாமென் நகரமும் ஃபூஜியன்தான். ஒரே மாகாணம், நடுவில் ஒரு கீற்றுக் கடல், இரண்டு ஆட்சி.

தம்பிக்கு ஆய்வகத்தில் வேலை, வரவில்லை. கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியும், தங்கிய வீட்டுக்கார அம்மாவின் மகளும்தான் எனக்கு வாய். பழைய ஓட்டு வீடு, முற்றம், வாசலில் புயலைத் தடுக்கும் கல் சிங்கம். எங்கள் ஊர் எல்லைச்சாமி மாதிரி, ஊருக்கு ஊர் ஒரு சிங்கம் நிற்கிறது.

வீட்டில் ஒரு பாட்டி, தொண்ணூறை நெருங்குகிறார். 1958 ஆகஸ்ட் 23ஆம் தேதி சாயங்காலம் சீனா குண்டு போட ஆரம்பித்தது. 44 நாளில் ஏறக்குறைய 4,70,000 குண்டு, இந்தச் சின்னத் தீவின் மேல். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நம்ப முடியாதது. ஒற்றைப்படைத் தேதியில் குண்டு, இரட்டைப்படைத் தேதியில் ஓய்வு என்று சீனா முறை வைத்துக்கொண்டது. அமெரிக்கா பீஜிங்கோடு உறவு வைத்துக்கொண்ட 1979 ஜனவரி 1 வரை இப்படியே இருபது வருடம். பின்னாளில் வந்த குண்டுகளில் பெரும்பாலும் துண்டுப் பிரசுரம்தான் இருக்கும். ஆனால் ஓடு இரும்பு. தலையில் விழுந்தால் பிரசுரம் படிக்க ஆள் இருக்காது.

பாட்டியிடம் கேட்டேன், பயமாக இருக்காதா என்று. மகள் மொழிபெயர்த்தாள்: "ஒற்றைப்படை நாள்ல சீக்கிரம் சமைச்சுடுவோம்னு சொல்றாங்க. கல்யாணம் எல்லாம் இரட்டைப்படை நாள்ல."

நாள், கிழமை, ராகுகாலம் பார்த்தே கல்யாணம் வைத்த வம்சம் நான். பீரங்கி பார்த்து வைத்த முகூர்த்தத்தை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

ஜனவரி 11, வியாழன். கின்மென்

காலையில் கத்திப் பட்டறை. தீவில் விழுந்த குண்டு ஓடுகளை வெட்டிச் சமையல் கத்தி செய்கிறார்கள். ஒரு மூலையில் துருப்பிடித்த ஓடுகள் நம்மூர் எரிவாயு சிலிண்டர் கிடங்கு போல அடுக்கிக் கிடக்கின்றன. கொல்லர் ஓட்டிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வாயுச் சுடரால் அறுத்தார். உலையில் போட்டார். சிவந்ததும் எடுத்து இயந்திரச் சுத்தியலின் கீழே வைத்துத் திருப்பித் திருப்பி அடித்தார். வளைந்த ஓடு மெல்ல நிமிர்ந்து தகடானது. மறுபடி உலை, மறுபடி அடி, அப்புறம் சாணைக்கல். தீப்பொறி காலடி வரைக்கும் வந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முட்டைகோஸ் நறுக்கும் கத்தி கையில். ஒரு குண்டில் அறுபது கத்தி வரும் என்றார். சரக்கு தீர்ந்துபோகாதா என்றேன். "அவ்வளவு போட்டிருக்காங்க," என்றார், பாராட்டுகிற குரலில். சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

மதியம் பேருந்தில் லியேயூ தீவு. 2022இல் திறந்த ஐந்து கிலோமீட்டர் பாலம். அங்கே ஹூஜிங்தோ போர் அருங்காட்சியகத்தில், துப்பாக்கிக்கு விட்ட துவாரங்களில் இப்போது தொலைநோக்கி. பார்த்தால் ஷியாமெனின் கண்ணாடிக் கோபுரங்கள். கடற்கரையில் படகுகளைத் தடுக்க நட்ட இரும்பு முட்கள், வரிசை வரிசையாகக் கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. சிப்பி வளர்க்க நட்ட கல் தூண்களும் அப்படியே நிற்கின்றன. எது ராணுவம், எது விவசாயம் என்று கிட்டப் போனால்தான் தெரிகிறது.

ஷியாமென் கரையில் சீனா பிரம்மாண்டமான சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறது: ஒரு நாடு, இரு அமைப்பு, சீனாவை ஒன்றிணைப்போம். எதிரே தைவான் வசமுள்ள தாதான் தீவில் பதிலுக்கு எழுதியது: மூன்று மக்கள் கொள்கைகளால் (கோமின்டாங்கின் அடிப்படைக் கொள்கைகள்) சீனாவை ஒன்றிணைப்போம். சுவரெழுத்துப் போட்டி நமக்குப் புதிதில்லை. ஆனால் இரண்டு எதிரிகளும் ஒரே வாக்கியத்தின் பின்பாதியை எழுதி வைத்திருப்பதை இங்கேதான் பார்த்தேன். தைபேயில் இன்று இளைஞர்களிடம் சீனாவை ஒன்றிணைப்போம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நேற்றைய பதிவை எழுதும்போது, இவ்வளவு அடிபட்டவர்கள் சீனாவை வெறுப்பார்கள், பச்சைக் கட்சிக்குத்தான் போடுவார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். தலைகீழ். கின்மென் நீலத்தின் கோட்டை. வீட்டுக்கார அம்மா காரணம் சொன்னார். 2001இல் ஷியாமெனுக்குக் கப்பல் விட்டார்கள், அரை மணி நேரப் பயணம். சொந்தம் அங்கே, வியாபாரம் அங்கே. கின்மென் சோளச் சாராயத்தை, 58 சதவீதக் காரம், பெட்டி பெட்டியாக வாங்கியவர்கள் சீனப் பயணிகள். கொரோனாவில் கப்பல் நின்றது; போன வருடம் திரும்ப ஓடத் தொடங்கியும் அவர்கள் பழையபடி வரவில்லை. இதற்கெல்லாம் மேலே ஒன்று சொன்னார்: 2018இலிருந்து தீவின் குடிநீரில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான், கடலுக்கு அடியில் குழாய் போட்டு.

நான் கையில் வைத்திருந்த தம்ளரைப் பார்த்தேன். காவிரியில் தண்ணீர் விடுவார்களா மாட்டார்களா என்று ஜூன் மாதம்தோறும் செய்தி கேட்டு வளர்ந்தவன். குண்டு போட்டவன் வீட்டுக் குழாய் முப்பொழுதும் வருகிறது.

"அப்படியானால் அவர்களோடு சேர்ந்துவிடலாமா?" என்று கேட்டேன். அம்மா செயலிக்காகக் காத்திருக்காமலே கையை ஆட்டினார். "வேண்டாம் வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

டிவியில் முன்னாள் அதிபர் மா யிங்-ஜியோவின் ஜெர்மன் தொலைக்காட்சிப் பேட்டி ஓடியது. சீனா-தைவான் உறவில் ஷி ஜின்பிங்கை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். அவர் கட்சி வேட்பாளர் ஹோவே, என் கருத்து வேறு என்று சொல்லவேண்டி வந்துவிட்டது. நீலக் கோட்டைக்காரரான வீட்டுக்கார அம்மாவும் நாக்கைச் 'ச்சு' கொட்டினார்.

ஜனவரி 12, வெள்ளி. தைபே

விமானத்தில் கத்தியைப் பெரிய பையில் போடச் சொன்னார்கள். அதைத் தவிரச் சிக்கலில்லை.

ரயில் நிலையம் தீபாவளிக்கு முந்தைய கோயம்பேடு மாதிரி இருக்கிறது. இங்கே தபால் ஓட்டு கிடையாது. வீட்டுப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே நேரில் போய்த்தான் போட வேண்டும். தம்பியின் ஆய்வகமே காலி. அமெரிக்காவிலிருந்து விமானம் பிடித்து வந்தவர்கள் உண்டு.

சாயங்காலம் கடைசிப் பொதுக்கூட்டங்கள். அதிபர் மாளிகைக்கு எதிரே கெதாகலான் சாலையில் கோ. நீலமும் பச்சையும் நியூ தைபேயின் பான்ச்சியாவில், ஒரே வட்டாரத்தில். முதலில் கோவின் கூட்டம். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். ஒரு பெண் தம்பியிடம் சொன்னாள்: இந்த மாதம் குறைந்தபட்சச் சம்பளத்தை 27,470 தைவான் டாலர் ஆக்கியிருக்கிறார்கள், அதை வைத்துத் தைபேயில் ஓர் அறைதான் எடுக்கலாம், வீடு வாங்குவதைக் கனவில்கூட நினைக்க முடியாது, பச்சையும் நீலமும் எங்களைச் சீனாவைக் காட்டியே இருபது வருடம் ஏமாற்றிவிட்டார்கள். பக்கத்தில் அவள் தம்பி, 2005இல் பிறந்தவன். கட்டாய ராணுவப் பயிற்சியை நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடமாக்கி இந்த ஜனவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது அவன் வயதுக்காரர்களுக்குத்தான். ஓட்டுரிமை 20 வயதில். பதினெட்டாகக் குறைக்க 2022இல் வாக்கெடுப்பு வைத்தும் தேறவில்லை. பட்டாளத்துக்கு ஆகிறவன் ஓட்டுக்கு ஆகமாட்டான். கேட்டதற்குத் தோளைக் குலுக்கிவிட்டுக் கொடியை ஆட்டினான்.

அப்புறம் மெட்ரோ பிடித்துப் பச்சைக் கூட்டம். மேடையில் ஒருவர் "லாய் சிங்-தே!" என்று கத்த, மைதானமே "தோங் ஸ்வான்!" என்கிறது. நூறு தடவை கேட்ட பிறகு அர்த்தம் கேட்டேன். தம்பி சிரித்தார். "உறைந்த பூண்டு, அண்ணா."

தைவானிய ஹொக்கியன் பேச்சில் 'தேர்தலில் ஜெயிக்கட்டும்' என்பதன் ஒலி அது. அதைச் சீன எழுத்தில் எழுதப் போனால் உறைந்த பூண்டு என்று வருகிறதாம். மூன்று கட்சிக்கும் இதே கோஷம்தான். கொள்கையில் சேராதவர்கள் பூண்டில் சேர்ந்துவிட்டார்கள்.

எனக்கும் ஒரு பச்சைக் கொடி நீட்டினார்கள். "வாங்காதீங்க அண்ணா, வெளிநாட்டுக்காரங்க பிரச்சாரம் பண்ணக் கூடாது," என்று தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். வேறு ஒரு காரணத்தையும் திரும்பும் வழியில் சொன்னார். நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒரு லட்சம் தொழிலாளர் வரப் போகிறார்கள் என்று ஒரு செய்தி. எண்ணிக்கை தவறு என்று அமைச்சகம் மறுத்தது. அதற்குள் இணையத்தில் இந்தியர்களைப் பற்றிக் கண்டதையும் பரப்பி, டிசம்பரில் தெருவில் ஒரு போராட்டமும் நடந்தது. "அந்த ரெண்டு வாரம் மெட்ரோல உட்காரவே ஒரு மாதிரி இருந்துச்சு." நான்கு நாளாகச் சீனாவைப் பற்றியே நான் கேட்டுக்கொண்டிருந்தேன், தன்னைப் பற்றி அவர் சொன்னது இது ஒன்றுதான்.

இரவு பத்து மணிக்கு எல்லா ஒலிபெருக்கியும் அடங்கின. சட்டம்.

ஜனவரி 13, சனி. தைபே

காலை எட்டு முதல் மாலை நான்கு வரை ஓட்டு. விடுதிக்கு அருகே ஓர் ஆரம்பப் பள்ளி. சத்தமே இல்லை, நாய்க்குட்டியோடு, காய்கறிப் பையோடு வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள்.

நான்கு மணிக்குப் பிறகுதான் நான் வந்ததற்கான பலன். ஓட்டுப் போட்ட அதே வகுப்பறையில் எண்ணுகிறார்கள். யார் வேண்டுமானாலும் வாசலில் நின்று பார்க்கலாம். ஓர் ஊழியர் பெட்டியிலிருந்து இளஞ்சிவப்புச் சீட்டை எடுக்கிறார். தலைக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கிறார். "இரண்டாம் எண், லாய் சிங்-தே, ஒரு ஓட்டு!" இன்னொருவர் அதையே திரும்பக் கத்துகிறார். மூன்றாமவர் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் ஒரு கோடு போடுகிறார். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து முழுமையாகும். அந்த எழுத்துக்கு அர்த்தமே 'நேர்', 'சரி' என்பதுதான். நம்மூர்க் கிரிக்கெட்டில் நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுப்போமே, அதே வேலை.

ஒன்றாம் எண். மூன்று. இரண்டு. இரண்டு. ஒன்று. பின்னால் நின்ற ஒரு பெரியவர் கைபேசியில் முழுவதையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டில் முத்திரை கோட்டின் மேல் விழுந்திருந்தது. ஊழியர் அதை நிறுத்தி எல்லோருக்கும் காட்டினார். பார்த்தார்கள், பேசினார்கள், தள்ளிவைத்தார்கள். கடைசியில் காலிப் பெட்டியைக் கவிழ்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினார். நாடு முழுக்கச் சுமார் 17,800 அறைகளில் இதே கத்தல். இயந்திரத்தை நம்பலாமா கூடாதா என்று ஒவ்வொரு தேர்தலிலும் சண்டை போடும் ஊரிலிருந்து வந்தவனுக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு கோடியே நாற்பது லட்சம் ஓட்டை இப்படி எண்ணிவிடலாம், நம் கணக்குக்குத் தாங்குமா என்பது வேறு விஷயம்.

எட்டு மணி வாக்கில் ஹோ மேடையில் குனிந்து தோல்வியை ஒப்புக்கொண்டார். லாய் 40.05 சதவீதம், ஹோ 33.49, கோ 26.46. பெய்பிங் கிழக்குச் சாலையில் பச்சைக் கட்சி அலுவலக வாசலில் நின்றோம். மகிழ்ச்சிதான், ஆனால் வெறி இல்லை. காரணம் இருக்கிறது. 2020இல் சாய் 57 சதவீதம் வாங்கினார். நாடாளுமன்றத்தின் 113 இடத்தில் இப்போது நீலம் 52, பச்சை 51, கோ கட்சி 8. அதிபர் ஒரு கட்சி, அவை வேறு கை.

லாய் கட்சி தைவானின் பெரும்பான்மைக் கருத்தைப் பிரதிபலிக்கவில்லை என்று பீஜிங் இரவே அறிக்கை விட்டுவிட்டது. தம்பி படித்துவிட்டுக் கைபேசியை மடக்கினார். "நூத்துல அறுபது பேர் லாய் வேண்டாம்னு சொன்னது நெஜம்தான் அண்ணா. ஆனா அந்த அறுபதுல பீஜிங்குக்குப் போட்டவன் எத்தனை பேர்?"

தேசிய செங்ச்சி பல்கலைக்கழகம் முப்பது வருடமாக மக்களிடம் கேட்டு வருகிறது. நான் தைவான்காரன் மட்டுமே என்பவர்கள் 1992இல் சுமார் 18 சதவீதம். இப்போது அறுபதுக்கு மேல். சீனன் மட்டுமே என்பவர்கள் 25லிருந்து மூன்றுக்கும் கீழே. சேர்வதா பிரிவதா என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் 'இப்படியே இருக்கட்டும்' என்கிறார்கள். கின்மென் அம்மா கையை ஆட்டியது ஞாபகம் வந்தது. 2017இல் தன்னைத் தைவான் சுதந்திரத்துக்கு உழைப்பவன் என்று சொன்ன லாய்கூட, இந்தத் தேர்தலில் இருப்பதை அப்படியே காப்பேன் என்றுதான் ஓட்டுக் கேட்டார்.

ஜனவரி 14, ஞாயிறு. தைபே

சளி. துணி துவைத்தேன். மாலையில் ஜன்னல் வழியாக ஒரு வண்டி. பூமாலை போலப் பட்டை அணிந்த ஒருவர் மேலே நின்று எல்லாத் திசைக்கும் குனிந்துகொண்டே போனார். ஓட்டுக்கு நன்றி. ஜெயித்தவர் என்று நினைத்தேன். தோற்றவராம்.

ஜனவரி 16, செவ்வாய். கிளம்பும் காலை

நேற்று நவ்ரு போய்விட்டது. பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் தீவு நாடு. தைவானோடு தூதரக உறவை முறித்துச் சீனாவோடு சேர்ந்தது. 2002இலும் ஒருமுறை இப்படிப் போய், 2005இல் திரும்பி வந்த நாடுதான். இப்போது தைவானை முறைப்படி ஏற்கும் நாடுகள், வாடிகனையும் சேர்த்து, பன்னிரண்டு. தேர்தல் முடிந்து இரண்டே நாள்.

ஆயி கடையில் டிவி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் நீல நிறத்துக்கு நடுவே ஒரு புள்ளி. ஆயி கரண்டியோடு நின்று பார்த்தார். நவ்ரு எங்கே இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டார். தம்பி சொன்னார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று நான் கேட்கச் சொன்னதற்கு மட்டும் பதில் வரவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். இது எனக்கே புரிந்தது. எட்டு நாளில் நான் கற்ற சீனம் அவ்வளவுதான்.

"ஒரு முட்டையா, ரெண்டா?"